அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு பெருநகரப் பயணம்: மதுரையிலிருந்து சென்னையா, பெங்களூருவா, ஹைதராபாதா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி பூட்டும்போது டிசம்பர் 23 ஆகிவிடும். திரும்பத் திறப்பது ஜனவரி முதல் வாரம். காலண்டரில் ஒன்பது பத்து நாளாகத் தெரியும். ஆனால் வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் சிறப்பு வகுப்பு இரண்டு மூன்று நாளைத் தின்றுவிடும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடென்றால் 24, 25 இரண்டும் கணக்கில் வராது. கடைசியில் கையில் நிற்பது நான்கு நாள், மிஞ்சிப்போனால் ஐந்து. எந்த ஊருக்குப் போகலாம் என்று பேசத் தொடங்கும் முன் இந்தக் கழித்தல் கணக்கை முடித்துவிட வேண்டும். மூன்று நாளில் ஐந்து நாள் ஊரைப் பார்க்கக் கிளம்புவதில்தான் பெரும்பாலான பயணங்கள் கெடுகின்றன.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூன்று நாள் என்றால் சென்னை. நான்கு ஐந்து நாள் இருந்தால் பெங்களூரு. முழுதாக ஐந்து நாளும், முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டும் இருந்தால் மட்டும் ஹைதராபாத். கொச்சி தனிக் கணக்கு, கடைசியில் வருகிறோம்.

பொங்கல் விடுமுறையில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து மூன்று நாள் ஊரே வாடிவாசல் பக்கம் திரும்பி நிற்கும்போது மதுரைப் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப்போவது அவர்களுக்கு நட்டம். அரையாண்டு விடுமுறையே இதற்குச் சரியான நேரம்.

டிக்கெட்: கூட்டம் எந்தத் திசையில் போகிறது?

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாளாக இருந்தது. டிசம்பர் 24-ஆம் தேதி கிளம்ப அக்டோபர் 25 காலை எட்டு மணி. டிசம்பர் 29-இல் திரும்ப அக்டோபர் 30. ஜனவரி 1-இல் திரும்ப நவம்பர் 2. இந்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோடு இணைக்கும் வேலையை அன்று காலை வைத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். பயணிகள் பெயர், வயதை அந்தக் கணக்கிலேயே உள்ள முதன்மைப் பட்டியலில் (மாஸ்டர் லிஸ்ட்) ஏற்றி வைத்தால் நான்கு பேர் விவரத்தைத் தட்டச்சு செய்யும் இரண்டு நிமிடம் மிச்சம். அந்த இரண்டு நிமிடத்தில்தான் இடம் போகிறது.

மதுரைக்காரர்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. டிசம்பர் 23, 24-இல் சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்ப்பவர்கள் தெற்கே வருகிறார்கள். நாம் எதிர்த்திசையில் போகிறோம். அதனால் போகும் டிக்கெட் ஓரளவு எளிது. திரும்பும்போதும் இதே கணக்குதான். டிசம்பர் 28-க்கு மேல் மதுரையிலிருந்து சென்னை செல்லும் ரயில்கள் நிரம்பும்; சென்னையிலிருந்து மதுரை வருவதில் நெருக்கடி குறைவு. ஆனால் புத்தாண்டுக்கு ஊர் வருபவர்களால் 30, 31 இரவு வண்டிகள் மறுபடி நிரம்பிவிடும். 28 அல்லது 29-இல் திரும்புவது எல்லா வகையிலும் நல்லது.

இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் விழுந்தால், எந்த வண்டியில் என்பது முக்கியம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையிலேயே புறப்படும் வண்டி. இங்கிருந்து சென்னை வரைக்கும் எடுத்த டிக்கெட் பொதுக் காத்திருப்புப் பட்டியலில் வரும். ரத்தாகும் இடங்கள் முதலில் அதற்குத்தான் போகும். நாகர்கோவில், திருநெல்வேலி பக்கமிருந்து வரும் வண்டிகளில் மதுரைக்குத் தனி ஒதுக்கீடு அல்லது பகிர்வு ஒதுக்கீடு. அதில் 12-ஆம் எண் காத்திருப்பு, பாண்டியனில் 40-ஆம் எண்ணைவிட மோசமாகக்கூட இருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18-இல் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டு ரயில்கள் நின்றன. டிசம்பரில் தெற்கே மழை என்றால் அங்கிருந்து புறப்படும் வண்டிதான் முதலில் பாதிக்கும்.

முழுக்கக் காத்திருப்பிலேயே நின்ற இணையவழி டிக்கெட், இறுதிப் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். நான்கு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் உறுதியாகும்போதுதான் தலைவலி. அதனால் தட்கலை நம்பிக் குடும்பப் பயணம் போடாதீர்கள். முந்தைய நாள் ஏசி வகுப்புக்குப் பத்து மணி, தூங்கும் வசதிக்குப் பதினோரு மணி என்று இரண்டு நிமிட ஓட்டம் அது; உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் வராது. பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு ரயிலில் முழுக் கட்டணம். நான்கு பேர் என்றால் போக வர எட்டு முழு டிக்கெட் என்றே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

சென்னை

ரயிலில் சுமார் 490 கி.மீ. பாண்டியனில் இரவு ஏறினால் விடியற்காலை எழும்பூர். ஒரு பகல்கூட வீணாவதில்லை. மூன்று நாள் பயணத்துக்குச் சென்னையைச் சொல்வது இதனால்தான். பகலில் போக வேண்டுமென்றால் தேஜஸ் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதை ஒட்டிச் சேரும், வியாழக்கிழமை ஓடாது. டிக்கெட்டில் சேரும் நிலையம் எழும்பூரா தாம்பரமா என்று ஒருமுறை பாருங்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள்.

பேருந்து யோசனை இருந்தால் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு மாட்டுத்தாவணியிலிருந்து போகும் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விடியற்காலை அங்கே இறங்கி, பெட்டிகளோடு மாநகரப் பேருந்து பிடித்து நகருக்குள் போக இன்னும் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். இரவு முழுக்க உட்கார்ந்து வந்த பதினைந்து வயதுப் பையனுக்கு முதல் நாள் அதிலேயே தீர்ந்துவிடும்.

தங்குவதற்கு எழும்பூர். நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்து முழுக்க விடுதிகள். பலவற்றில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. அதிகாலை ஐந்தரைக்குப் போனாலும் அறை கிடைக்கும், ஆனால் மறுநாள் ஐந்தரைக்கே ஒரு நாள் முடிந்துவிடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எழும்பூரில் பச்சை வழித்தட மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சென்ட்ரல் ஒரே நிறுத்தம். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் தேனாம்பேட்டை, நந்தனம், கிண்டி, விமான நிலையம் வரை போகலாம்.

முதல் நாளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 1851-இல் தொடங்கியது, நடந்தே போகலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்த மதுரைப் பிள்ளைகளுக்கு இந்த இடம் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகப் பேசும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொருள்களும் அமராவதிச் சிற்பங்களும் இங்கேதான் இருக்கின்றன. செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். எல்லாக் கூடத்தையும் முடிக்க நினைக்காதீர்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வளரிளம் பிள்ளைகளின் கவனம் நிற்காது.

இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. இங்கே வரிசைதான் எல்லாம். பலர் தட்சிணசித்திரா, முதலைப் பண்ணை என்று வழியில் இறங்கி இறங்கிப் போய், உச்சி வெயிலில் மாமல்லபுரம் பாறை மேல் ஏறுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அதிகாலையில் கிளம்பி ஏழரைக்குள் மாமல்லபுரம்; கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கலங்கரை விளக்கக் குன்று எல்லாம் பத்தரைக்குள் முடியும். பதினைந்து வயதுக்குக் கீழ் நுழைவுக் கட்டணம் இல்லை. வயதைக் காட்ட ஆதார் வேண்டும். திரும்பும் வழியில் 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை, அப்புறம் முட்டுக்காட்டில் தட்சிணசித்திரா. முன்னது திங்களன்றும் பின்னது செவ்வாயன்றும் மூடியிருக்கும். இந்த இரண்டு நாளையும் தவிர்த்தால் ஒரே பயணத்தில் மூன்றும் கிடைக்கும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. அது தனி நாள் கேட்கும் இடம், இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள் பிள்ளைகள் கையில். நூலகம் பார்க்க வேண்டாம். 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரையிலேயே இருக்கிறது. ரயில் பைத்தியம் உள்ள பிள்ளைக்கு ஐ.சி.எஃப். அருகே ரயில் அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). வந்தே பாரத் பெட்டிகள் பிறந்த தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம் என்று சொல்லுங்கள். பாட்டு, நடனம் கற்கும் பிள்ளை இருந்தால் டிசம்பர் சென்னைக்கு ஈடே கிடையாது. காலை, மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், மேடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சபா கேன்டீனில் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் அரை நாள் இனிமையாகப் போய்விடும். நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சி சில ஆண்டு டிசம்பர் கடைசியில் தொடங்குகிறது, சில ஆண்டு பொங்கலை ஒட்டித் தள்ளிப்போகிறது. தேதி அறிவித்த பிறகு திட்டத்தில் சேருங்கள்.

சென்னையின் பலவீனம் மழை. வர்தா புயல் 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் 2023 டிசம்பர் 4. கிறிஸ்துமஸுக்குப் பிறகு பொதுவாக மழை ஓய்ந்துவிடும், ஆனாலும் கடற்கரைச் சாலை நாளை மாற்றி வைக்க ஒரு நாள் இடம் விடுங்கள். மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் இந்த மாதத்தில் கடல் இழுப்பு பலமாக இருக்கும்; மதுரைப் பிள்ளைகள் வைகையில்கூட நீந்திப் பழகியவர்கள் இல்லை. கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள்.

பெங்களூரு

2024 ஆகஸ்ட் 31-இல் மதுரை–பெங்களூரு கண்டோன்மென்ட் வந்தே பாரத் தொடங்கிய பிறகு இந்த ஊர் நமக்கு மிகவும் கிட்டே வந்துவிட்டது. காலை 5.15-க்குப் புறப்பட்டுத் திண்டுக்கல், திருச்சி, கரூர், நாமக்கல், சேலம் வழியாகப் பிற்பகல் ஒரு மணிக்குச் சேர்கிறது. அங்கிருந்து 1.30-க்குக் கிளம்பி இரவு 9.45-க்கு மதுரை. செவ்வாயன்று இல்லை. இதில் மறைந்திருக்கும் செலவு நேரம்: போகும்போது அரை நாள், வரும்போது முக்கால் நாள். மூன்று நாள் பயணத்தில் இது கட்டுப்படியாகாது. நான்கு இரவு தங்கினால்தான் ஊரில் மூன்று முழு நாள் கிடைக்கும். இரவுப் பயணம் வேண்டுமென்றால் தூத்துக்குடி–மைசூரு விரைவு வண்டி மாலை எட்டு மணி வாக்கில் மதுரை வந்து காலையில் பெங்களூரு சேரும். அதே வண்டி மைசூருக்கும் போவதால், முதலில் மைசூரு, திரும்பும்போது பெங்களூரு என்றும் அமைக்கலாம்.

எங்கே இறங்குவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். கண்டோன்மென்ட் நிலையத்தை ஒட்டி மெட்ரோ இன்னும் ஓடவில்லை. ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒயிட்ஃபீல்ட், இந்திராநகர் பக்கம் தங்குபவர்கள் அதற்கு முந்தைய நிறுத்தமான கிருஷ்ணராஜபுரத்தில் இறங்குங்கள். எதிரிலேயே ஊதா வழித்தட மெட்ரோ.

அறையை எம்.ஜி. சாலை, கப்பன் பூங்கா, இந்திராநகர் என்று ஊதா வழித்தடத்தை ஒட்டியே எடுக்க வேண்டும். சில்க் போர்டு, வெளிவட்டச் சாலைப் பக்கம் அறை மலிவாகக் கிடைக்கும். மிச்சமான பணம் வாடகை காரிலும், மிச்சமாகாத நேரம் நெரிசலிலும் போய்விடும்.

வளரிளம் பிள்ளைகளுக்கு இந்த ஊர் ஏன் பொருந்துகிறது என்றால், கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்றே போதும். 1962-இல் திறந்தது. ரைட் சகோதரர்கள் ஓட்டிய விமானத்தின் முழு அளவு மாதிரி நிற்கிறது. நெம்புகோல், கப்பி, இயந்திரங்களைத் தொட்டு இயக்கிப் பார்க்கலாம். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இயற்பியல் புத்தகத்தில் படமாகப் பார்த்தவை கையில் அசையும். காலை ஒன்பதரைக்கே உள்ளே போங்கள். பதினோரு மணிக்குப் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் ஒவ்வொரு கருவிக்கும் வரிசை நிற்க வேண்டும். பக்கத்திலேயே கப்பன் பூங்கா, மாலையில் சர்ச் தெருப் புத்தகக் கடைகள். பழைய புத்தகம் வாங்கப் பிள்ளைக்கு ஆளுக்கு ஐநூறு ரூபாய் கொடுத்து இரண்டு மணி நேரம் விட்டுவிடலாம். இவை எல்லாம் ஒரே மெட்ரோ வழித்தடத்தில், நடக்கும் தூரத்தில். நேரு கோளரங்கத்துக்குத் திங்கள் விடுமுறை. ஹெப்பாலில் 2024-இல் திறந்த சயின்ஸ் கேலரி இளைஞர்களை மனத்தில் வைத்தே அமைத்தது, நுழைவு இலவசம். ஆனால் வாரத் தொடக்கத்தில் திறப்பதில்லை, காட்சி மாறும் இடைவெளியிலும் மூடியிருக்கும். இந்திய அறிவியல் கழகத்தின் திறந்த நாள் டிசம்பரில் வராது, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பன்னார்கட்டா பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஊரின் தெற்குக் கோடியில் இருப்பதால் போக வர மூன்று மணி நேரம் தனி. நீர் விளையாட்டுப் பூங்காவுக்காக மட்டும் பெங்களூருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். டிசம்பர் காலையில் அங்கே பதினைந்து பதினாறு டிகிரி இருக்கும், தண்ணீர் சில்லிடும். அந்த ஆசைக்குப் பரவையில் ‘அதிசயம்’ பூங்கா இருக்கிறது, கோடையில் போகலாம். மதுரைப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுக்கும் பழக்கம் இல்லை. ஆளுக்கு ஒன்று பெட்டியில் மேலாக வையுங்கள்.

டிசம்பர் 31 இரவு எம்.ஜி. சாலை, பிரிகேட் சாலை, சர்ச் தெருப் பக்கம் பிள்ளைகளோடு போகவே கூடாது. மூச்சுத் திணறும் கூட்டம்; போலீஸ் சாலைகளை மூடுவதோடு, எம்.ஜி. சாலை மெட்ரோ நிலையத்தையும் சில ஆண்டுகளாக அன்றிரவு மூடிவிடுகிறார்கள். அறை அந்தப் பகுதியில் என்றால் எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

சொந்தக் காரில் போகிறவர்களுக்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் திண்டுக்கல், கரூர், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. தருமபுரிக்கு முன் தொப்பூர்க் கணவாய் விபத்துக்குப் பெயர்போனது. போகும்போது ஏற்றம், திரும்பும்போதுதான் இறக்கம், அங்கேதான் சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுகின்றன. திரும்பும் பயணத்தில் அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில், தாழ்ந்த கியரில் கடக்கும்படி கிளம்புங்கள்.

ஹைதராபாத், கொச்சி

ஹைதராபாதுக்கு மதுரையிலிருந்து நேரடி விமானம் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குள். ரயிலில் போனால் வாராந்திர வண்டியை நம்ப வேண்டும், இல்லையேல் சென்னையில் மாற வேண்டும். நான்கு நாள் விடுமுறையில் இரண்டு நாள் தண்டவாளத்திலேயே போய்விடும். ஆக இது விமான ஊர். விமானக் கட்டணம் டிசம்பர் நெருங்க நெருங்க ஏறும் என்பதால், செப்டம்பரிலேயே எடுக்க முடியாவிட்டால் இந்த யோசனையைக் கைவிடுங்கள். கட்டணத்தோடு ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அங்கே மெட்ரோ இல்லை. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. பெரிய பெட்டியில் வைத்துவிட்டு ஸ்கேனரில் மாட்டி நிற்பது வளரிளம் பிள்ளைகளின் வழக்கமான கூத்து.

போய்ச் சேர்ந்தால் பலன் பெரிது. சாலார் ஜங் அருங்காட்சியகம் (வெள்ளி விடுமுறை), 1591-இல் எழுந்த சார்மினார், கோல்கொண்டா, பிர்லா அறிவியல் மையத்தில் கோட்டாசாரஸ் டைனோசரின் எலும்புக்கூடு. ராமோஜி திரைப்பட நகரம் ஊருக்கு வெளியே, ஒரு நாளை முழுதாக எடுத்துக்கொள்ளும். தமிழ் செல்லாது, ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையை வழி கேட்கவும் கட்டணம் பேசவும் விடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

கொச்சிக்கு 2023-இல் வந்த வாட்டர் மெட்ரோவும் கோட்டைக் கொச்சியும் இரண்டு நாளுக்கு அருமை. தடை, வழிதான். மண்டல பூசை டிசம்பர் 26, 27 வாக்கில் முடியும்வரை தேனி, கம்பம், குமுளிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள். சில நாள் கம்பத்துக்கு மேல் ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். அரையாண்டு விடுமுறையில் காரில் கொச்சி போகாதீர்கள். மே மாத முதல் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறை, அரை நாள், திரும்பும் இரவு

எந்த ஊரானாலும் அறை பதிவு செய்யும்போது "இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள்" என்று போடாமல் பிள்ளைகளின் சரியான வயதைப் போடுங்கள். பெரும்பாலான விடுதிகளில் பன்னிரண்டு வயதுக்கு மேல் பெரியவர் கணக்கு. மறைத்தால் வரவேற்பு மேசையில் கூடுதல் மெத்தைக்குத் தனிப் பணம் கேட்பார்கள், சில இடங்களில் இரண்டாவது அறையே எடுக்கச் சொல்வார்கள், அன்றைக்கு இருக்கும் விலையில். பதினாறு வயது மகளும் பதினான்கு வயது மகனும் இருந்தால் நான்கு படுக்கை அறையைவிட அடுத்தடுத்த இரண்டு சிறிய அறை நல்லது. அம்மாவும் மகளும் ஒன்றில், அப்பாவும் மகனும் ஒன்றில்.

ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், ஒரு சிறிய இடம். அதற்கு மேல் வைத்தால் மூன்றாம் நாள் பிள்ளைகள் அறையை விட்டு வர மாட்டார்கள். ஒரு அரை நாளை அவர்களே திட்டமிட்டு நடத்தட்டும்: வழி, பணம், சாப்பாடு எல்லாம். பெற்றோர் பின்னால் நடந்தால் போதும். மெட்ரோவில் பிரிந்தால் சந்திக்கும் இடத்தை நிலையப் பெயரோடு வாயில் எண்ணும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். ஒரே நிலையத்தின் இரண்டு வாயில்கள் சாலையின் இரு புறமும் இருக்கும். கைபேசி அணைந்துபோகும் என்று வைத்துக்கொண்டு, பெற்றோர் எண்ணையும் விடுதி முகவரியையும் ஒரு அட்டையில் எழுதி ஆளுக்கு ஒன்று சட்டைப் பையில் கொடுங்கள், இருநூறு ரூபாய் நோட்டோடு.

திரும்பி வரும் இரவையும் யோசிக்க வேண்டும். வந்தே பாரத் 9.45-க்கு வரும் என்றாலும் பெட்டியோடு வெளியே வர பத்து மணி தாண்டும். உசிலம்பட்டி, தேனிப் பக்கம் போகிறவர்கள் ஆரப்பாளையத்துக்கும், மேலூர்ப் பக்கம் போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்கும் போய்ச் சேர்வதற்குள் பதினொன்றை நெருங்கிவிடும். வீட்டிலிருந்து ஒருவர் வண்டியோடு மேற்கு வாசல் பக்கம் நிற்பதாக முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். திண்டுக்கல், நத்தம் பக்கத்துக்காரர்கள் மதுரை வரை வராமல் டிக்கெட்டையே திண்டுக்கல்லோடு எடுத்தால் ஒரு மணி நேரம் முன்பே வீடு சேரலாம்.